பால் கேட்டு வந்த அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி ஆறு வருடம் அங்கேயே தாய்ப்பால் வங்கியில் வேலை. அம்மாக்கள் தானமாகக் கொடுக்கும் பாலைச் சுத்திகரித்து, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் இடம் அது.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு தம்பி வங்கி வாசலில் வந்து நின்றார். கையில் கறுப்பு பாலிதீன் பை. உள்ளே ஐஸ் கட்டி, அதற்கு நடுவில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். பாட்டிலில் கால்வாசிக்குப் பால். "சிஸ்டர், இது தாய்ப்பால்தான். உங்ககிட்ட மெஷின் இருக்காமே, இதைக் கொஞ்சம் காய்ச்சி மட்டும் கொடுத்துடுங்க" என்றார்.

அவருடைய மகள் முப்பதாவது வாரத்தில் பிறந்து ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தாள். எடை 1,100 கிராம். மனைவி ரத்தக்கொதிப்பு ஏறி, ஆபரேஷன் முடிந்து, ஐசியூவில். பால் ஊறவில்லை. வாட்ஸாப்பில் யாரோ கொடுத்த எண்ணுக்கு ஜிபே-யில் பணம் அனுப்பி, பேருந்து நிலையத்தில் போய் வாங்கி வந்திருக்கிறார். கொண்டு வந்து கொடுத்தது பைக்கில் வந்த ஒரு பையன். பால் யாருடையது என்று பையனுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.

முடியாது என்றேன். மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு அம்மாவின் பால் நீலம் பாய்ந்து தண்ணீராக இருக்கும், இன்னொருவருடையது மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். ஒரே அம்மாவுக்குக் காலையில் ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி. பசும்பால் கலந்திருந்தால்கூட கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் ஒகையோ மாநில ஆய்வாளர்கள் இணையத்தில் விற்ற தாய்ப்பாலைக் காசு கொடுத்து வாங்கிப் பரிசோதித்தார்கள். 2013-இல் வெளியான முடிவில் 101 மாதிரிகளில் 74 சதவீதத்தில் கிருமிகள் கவலைப்படும் அளவுக்கு இருந்தன. 2015-இல் அதே குழு 102 மாதிரிகளில் 10 மாதிரிகளில், பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் பசும்பால் கலந்திருக்கிறது என்று சொன்னது. தானமாக வரும் பாலில் தண்ணீரோ பசும்பாலோ ஊற்ற யாருக்கும் காரணமில்லை. மில்லிக்கு இவ்வளவு என்று விலை வந்த உடனே காரணம் வந்துவிடுகிறது.

"காய்ச்சி மட்டும்" என்று அந்தத் தம்பி கேட்டதை நிறைய படித்தவர்களும் கேட்கிறார்கள். வங்கியில் நாங்கள் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைக்கிறோம். அது கடைசிக் கட்டத்தில் வரும் வேலை. அதற்கு முன்னால் கொடுக்கும் அம்மாவுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் பரிசோதனை. என்ன மாத்திரை சாப்பிடுகிறார், புகையிலை போடுகிறாரா என்று கேள்வி. கை கழுவுவதிலிருந்து பாத்திரம் வரை கண் முன்னால் நடக்கும். சூடாக்கிய பிறகும் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்ற சோதனை) பார்த்து, கிருமி இல்லை என்று முடிவு வந்தால்தான் ஃப்ரீசரிலிருந்து வெளியே வரும். சில கிருமிகள் விட்டுப்போன நச்சு சூட்டில் அழியாது. மாத்திரையும் நிக்கோடினும் அப்படியேதான் இருக்கும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மூக்கு வழியே விட்ட குழாயில், ஓரிரண்டு மில்லி சொட்டுச் சொட்டாக இறக்குவோம். அந்தக் குடல் அவ்வளவு மெல்லிசு. அழுகிவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம். சுத்தமான தாய்ப்பால்தான் அந்த நோயிலிருந்து பெரிய பாதுகாப்பு. அதற்காகத்தான் அந்த அப்பாவும் அலைந்தார்.

2024 மே மாதம் 24-ஆம் தேதி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தாய்ப்பாலை வியாபாரமாகப் பதப்படுத்தவோ விற்கவோ சட்டத்தில் இடமில்லை என்று எச்சரித்தது. அடுத்த சில நாளில் சென்னை மாதவரத்தில் புரோட்டீன் பவுடர் விற்கும் ஒரு கடையில் பாட்டில் பாட்டிலாகத் தாய்ப்பால் பிடிபட்டு, கடைக்குச் சீல் வைத்தீர்கள். சரியான வேலை. (உடம்பு ஏற்றுகிறவர்கள் இதை வாங்குகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். 100 மில்லி தாய்ப்பாலில் புரதம் ஒரு கிராம் அளவுதான், பசும்பாலில் அதைப் போல மூன்று மடங்கு. குழந்தைக்குப் போக வேண்டியதை இதற்காகவா எடுப்பது?) ஆனால் சீல் வைத்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில்தான் அந்தத் தம்பி கறுப்புப் பையோடு என் முன்னால் நின்றார். வியாபாரம் கடையை விட்டு போனுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

விற்கும் அம்மாக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வங்கியில் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இதுக்கு ஏதாச்சும் காசு தருவாங்களாக்கா? வீட்டு வாடகை ரெண்டு மாசம் நிக்குது." இல்லைம்மா என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த கப்பை எடுத்தாள். அவளைப் போன்ற ஒருத்தி நாளைக்கு ஒரு தரகரிடம் மாட்டினால், தன் பிள்ளைக்கு அரை வயிறு ஊட்டிவிட்டு மீதியை அளந்து கொடுப்பாள். வழக்குப் போடுவதென்றால் தரகர் மேல் போடுங்கள், வாட்ஸாப் குழுவை நடத்துகிறவர் மேல் போடுங்கள். அந்தப் பெண் மேல் வேண்டாம்.

அப்புறம், நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எங்கள் வங்கியின் பால் எங்கள் வார்டுக் குழந்தைகளுக்கே பல நாள் பற்றாது. வெளி மருத்துவமனைக் குழந்தைக்குக் கொடுக்க எந்த வழிமுறையும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. தனியார் மருத்துவர் சீட்டு எழுதினால், எடை குறைந்த குழந்தை என்றால், எந்த வங்கியிடம் கேட்கலாம், எப்படி எடுத்துப் போகலாம் என்று ஓர் ஆணை வேண்டும். பால் மிஞ்சிப்போய்ப் பாத்ரூமில் பீய்ச்சி ஊற்றும் அம்மாக்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரி வரிசைக்கு அவர்களால் வர முடியாது. குளிர்பெட்டியோடு ஆள் போய் வாங்கி வரலாம்.

இதையெல்லாம்விட முக்கியமானது, பெற்ற அம்மாவின் பால். அந்தத் தம்பியின் மனைவி ஐசியூவில் இரண்டு நாள் படுத்திருந்தபோது யாராவது பீய்ச்சிவிட்டார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும் சொல்லலையே சிஸ்டர்" என்றார். பிறந்த சில மணி நேரத்திலேயே ஆரம்பித்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பீய்ச்சினால் பெரும்பாலானவர்களுக்கு ஊறிவிடும். நான் பார்த்தவரை "பால் இல்லை" என்பதில் பாதிக்குமேல் "பக்கத்தில் ஆள் இல்லை" என்பதுதான். அரசோ தனியாரோ, பிரசவம் பார்க்கும் எந்த இடத்திலும் இதற்கென்று ஒரு செவிலியர் இருக்க வேண்டும். பிறர் பிள்ளையை வளர்க்கும் செவிலித்தாயிடமிருந்து பெயர் வந்த வேலை எங்களுடையது.

பாட்டிலை அவரே கீழே ஊற்றினார். ஊற்றும்போது கை நடுங்கியது. "அப்போ நான் எங்க போறது சிஸ்டர்?" என்று கேட்டார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க அன்று என்னிடம் ஒரு எண் இல்லை. அடுத்து வருகிறவருக்கு எழுதிக் கொடுக்க அந்த எண்ணைத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்