கிளைன் ஷைடெக்கில் எங்கள் குறிப்பேட்டை மீட்டுத் தந்தவருக்கு நன்றி

சுவிட்சர்லாந்தில், கடல்மட்டத்திலிருந்து 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக் மலைக் கணவாயைக் கண்டுவிட்டு, கிளைன் ஷைடெக் நிலையத்தில் ரயில் மாறி லவுட்டர்புருன்னனில் இறங்கிய பிறகுதான், எங்கள் நீலத் துணி அட்டைக் குறிப்பேட்டை மேலே பெஞ்சிலேயே விட்டு வந்தது தெரிந்தது.

முன்பக்கத்திலிருந்து என் கணவர் தம் அலுவலகப் பயணங்களையும், பின்பக்கத்திலிருந்து நான் எங்கள் விடுமுறைகளையும் எழுதிவந்த ஏடு அது. தொலைந்தால் மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னது என்னைத் தேற்றத்தான். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது.

திரும்பி மேலே செல்ல நாங்கள் நடைமேடையில் காத்திருந்தபோது, அடுத்து வந்த ரயிலிலிருந்து இறங்கிய முதிய அம்மையார் ஒருவர், தூறலில் நனையாதபடி தம் கழுத்துத்துணியில் சுற்றியிருந்த ஏட்டை நீட்டினார். எங்களை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று கேட்டதற்கு, முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த எங்கள் புகைப்படத்தை விரலால் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

பிறகுதான் அவருடைய பயணச்சீட்டைக் கவனித்தேன். அவர் போக வேண்டியது கிரிண்டல்வால்ட். அதாவது, அதே நிலையத்திலிருந்து மலையின் மறுபுறம் இறங்கும் பாதை. எங்களுக்காக எதிர்த்திசையில் வந்திருக்கிறார்!

அம்மா, பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை, மன்னித்துவிடுங்கள். இருவரும் முதன்முறையாகச் சேர்ந்தே எழுதிய பக்கம் உங்களைப் பற்றியது. உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.