"உட்காரு" என்று சொல்வதற்கு முன்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு நாள், பாடத்தை ஒவ்வொருவராக எழுந்து உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வகுப்பில் திக்கித் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் முறை வந்தது, முதல் வரியிலேயே 'ப'வில் மாட்டிக்கொண்டான். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் "ப... ப... ப..." என்று அதே மாதிரி சொல்லிக் காட்ட, வகுப்பே சிரித்தது. என் மகள் எழுந்து நின்று, "சிரிக்காதீங்க, அவன் படிக்கட்டும்" என்றிருக்கிறாள். அதற்கு டீச்சர் சொன்னது: "உன்னை யாரு கேட்டா? உட்காரு."

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல், "நான் பண்ணது தப்பாம்மா?" என்று கேட்டாள். இங்கே நான் யோக்கியம் மாதிரி பேச முடியாது. வேலை அவசரத்தில் இருந்த நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்ன பதில், "உனக்கேன் அந்த வம்பு?"

ஆக, ஒரே நாளில் இரண்டு பெரியவர்கள் ஒரே பாடத்தை நடத்திவிட்டோம். அந்த வகுப்புச் சுவரில் 'பிறருக்குத் துணை நில்' என்று வண்ணத்தாளில் வெட்டி ஒட்டியிருக்கிறது. அதில் 'து'வையும் 'ணை'யையும் வெட்டியது என் மகள்தான், அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

இந்த மடல் அந்த ஒரு டீச்சரைக் குறை சொல்ல இல்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் முடிக்க வேண்டிய அவசரம் எனக்குப் புரிகிறது. நான் கேட்பது உங்கள் எல்லோரையும்.

கனடாவின் டொரண்டோவில் ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளி விளையாட்டுத் திடல்களில் கேமரா வைத்து, பிள்ளைகளின் சட்டையில் சின்ன மைக் மாட்டி, இடைவேளையில் என்னதான் நடக்கிறது என்று பார்த்தார்கள். 2001இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சீண்டிய சம்பவங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். நடுவில் புகுந்து தடுத்தது 19 சதவீதத்தில்தான். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த கணக்கு: அப்படித் தடுத்தபோது பாதிக்கும் மேல், 57 சதவீதம், பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றுபோயிருக்கிறது. பத்து விநாடி! திடலின் அந்தக் கோடியில் நிற்கும் நீங்கள் விஷயத்தைக் கவனித்து நடந்து வருவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

அப்படியானால் மற்ற பிள்ளைகள் ஏன் சும்மா நிற்கிறார்கள்? இரக்கம் இல்லாததால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஒரு சோதனை வேறு கதை சொல்கிறது. ஒரு பெரியவர் தெரியாமல் கொட்டியதுபோல் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துடைக்கத் தாள் கிடைக்காமல் தடுமாறுவார். பிள்ளை தனியாக இருந்தால் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்தது. உதவக்கூடிய வேறு பிள்ளைகளும் கூட இருந்தால், உதவுவது குறைந்தது. அந்த மற்ற பிள்ளைகள் எழுந்து வர முடியாதபடி ஒரு தடுப்பை வைத்தபோது, பழையபடி உதவினார்கள். பிறகு கேட்டுப் பார்த்ததில், அவருக்கு உதவி தேவை என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. "அதை நான்தான் செய்யணும்" என்ற எண்ணம்தான் கூட்டத்தில் கரைந்துபோயிருக்கிறது. பெரியவர்கள் நாம் சாலை விபத்தைச் சுற்றி நின்று செய்வதும் இதுதானே.

அதனால்தான் 'எல்லோரும் எல்லோருக்கும் உதவ வேண்டும்' என்று காலைக் கூட்டத்தில் பொதுவாகச் சொல்வது காற்றோடு போய்விடுகிறது. 'எல்லோரும்' என்று சொன்னால் யாருமில்லை. ஃபின்லாந்தில் துர்கு பல்கலைக்கழகம் 2006 முதல் உருவாக்கிய 'கிவா' என்ற, பள்ளிகளில் சீண்டலைத் தடுக்கும் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வேலை இருக்கிறது. ஒரு பிள்ளை சீண்டப்படுவது தெரியவந்தால், சீண்டியவர்களிடம் பேசுவதோடு ஆசிரியர் நிறுத்துவதில்லை. வகுப்பில் மற்றவர்கள் மதிக்கும், நல்ல குணமுள்ள இரண்டு முதல் நான்கு பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, "இவனுக்கு நீங்கள் கொஞ்சம் துணையாக இருக்க முடியுமா? என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். பொறுப்பு குறிப்பிட்ட ஆள்களின் கையில் வந்துவிடுகிறது. மேல் வகுப்புகளைவிடத் தொடக்க வகுப்புகளில் இந்தத் திட்டம் நன்றாக வேலை செய்கிறது என்பதையும் கண்டிருக்கிறார்கள். ஆக, "சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும், பெரிய கிளாஸ் போனதும் சொல்லிக்கொடுக்கலாம்" என்று நாம் தள்ளிப்போடுவது சரியான நேரத்தைத்தான் வீணடிக்கிறது.

அப்புறம், துணை நிற்பது என்றால் எதிரில் போய் நின்று சண்டை போடுவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நாம் சொல்லும் கதைகள் அப்படி. அதைத் திருத்த வேண்டும். அடிதடி என்றால் எந்தப் பிள்ளையும் நடுவில் போகக் கூடாது, ஓடிவந்து பெரியவர்களிடம் சொன்னால் போதும், இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் மற்ற நேரங்களில் செய்யக்கூடிய சின்ன விஷயங்கள் நிறைய இருக்கின்றன. எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பது ஒன்று, இது எட்டு வயதில் எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். சீண்டுபவனைக் கண்டுகொள்ளாமல் சீண்டப்படுபவனிடம் போய் "வா, விளையாடப் போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது இன்னொன்று. அப்போது முடியாவிட்டால், அப்புறமாவது பக்கத்தில் உட்கார்ந்து "அவன் அப்படிப் பேசினது தப்பு" என்று சொல்வது.

வாயில் வார்த்தை தயாராக இருந்தால்தான் வேளைக்கு வரும். அதனால் வீட்டில் நாங்கள் ஒத்திகை பார்த்தோம். நான் சீண்டுகிற ஆள், தலையணை அழுகிற பிள்ளை, அவள் துணைக்கு வருகிறவள். முதல் தடவை "நிறுத்து!" என்று கத்திவிட்டுத் தானே சிரித்துவிட்டாள். "நிறுத்துன்னு சொல்லப் பயமா இருக்கும்மா, எல்லாரும் என்னையே பார்ப்பாங்க" என்றாள். 'வா, விளையாடப் போலாம்' அவளுக்குச் சுலபமாக வந்தது. மூன்றாவது தடவை தலையணையை இழுத்துக்கொண்டு அறையை விட்டே போய்விட்டாள், சீண்ட வந்த நான் தனியாக நின்றேன். வகுப்பில் வாரத்துக்குப் பத்து நிமிடம் இதைச் செய்தால் என்ன? வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறோம், இதையும் சொல்ல வைக்கலாமே.

இனி உங்களுக்குத் தலைவலியான விஷயம்: கோள் சொல்வது. "மிஸ், இவன் என் ரப்பரை எடுத்துட்டான்", "மிஸ், அவ நாக்கை நீட்டுறா" என்று ஒரு நாளைக்கு முப்பது புகார். இதில் சலித்துப்போய் "எப்பப் பார்த்தாலும் போட்டுக்கொடுக்காதே" என்று பொதுவாக ஒரு அதட்டல் போட்டுவிடுகிறீர்கள். முப்பதில் இருபத்தொன்பதுக்கு அது பொருந்தலாம். மிச்சம் ஒன்றைச் சொல்ல வந்த பிள்ளையும் அன்றோடு வாயை மூடிக்கொள்கிறது, இதில் யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திட்டுவதற்குப் பதில் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ சொல்றது அவனை மாட்டிவிடவா, யாரையாவது காப்பாத்தவா?" ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். காப்பாற்றத்தான் என்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். சொன்னது யார் என்பதை வகுப்பு நடுவே உடைத்துவிடாதீர்கள். "இவ சொன்னா, நீ அப்படிப் பண்ணியாமே" என்று ஆரம்பித்தால், அடுத்த இடைவேளையில் மாட்டப்போவது சொன்ன பிள்ளைதான்.

பாராட்டுவதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். மேடையில் ஏற்றி, கைதட்டி, 'வீரக் குழந்தை' என்று பட்டம் கொடுத்தால், மறுநாள் அந்தப் பிள்ளையைத்தான் கேலி செய்வார்கள். போகிற போக்கில் தோளைத் தட்டி, "நேத்து நீ அவன்கூடப் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன்" என்று சொன்னால் போதும், ராத்திரி தூங்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

பெற்றோர் பக்கத்துக் குறைக்கு நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன். "உனக்கேன் வம்பு" என்ற வாக்கியத்தை எங்கள் வீட்டில் நிறுத்தியாயிற்று. பழக்க தோஷத்தில் இரண்டு தடவை வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அன்று சொன்னதற்காக அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். "நீ பண்ணது தப்பே இல்லை, நான் சொன்னதுதான் தப்பு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம், "நீ என் அம்மா, அப்படித்தான் சொல்லுவ. மிஸ் சொல்லட்டும்" என்றாள்.

இப்படிக்கு,
ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா