மண்டிப் பேச்சில் மாரியாத்தா பெயர்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஈரோட்டில் மஞ்சள் மண்டி எடுத்து நடத்துகிறீர்கள், ரொம்ப சந்தோஷம். தொழில் சொல்லித்தர அங்கே ஆள் இருக்கிறார்கள். நான் மண்டிப் பேச்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"மாரியாத்தா சத்தியமுங்க, அடக்க விலையே இதுதானுங்க." இப்படிச் சொல்கிறவர்களில் பலர் பொய்யர்கள் இல்லை. வாங்க வந்தவர் முகத்தில் சந்தேகம் தெரிந்ததும் நாக்கு தானாக ஆத்தாளைச் சாட்சிக்கு இழுத்துவிடுகிறது. அவள் பெயர் அவளைக் கூப்பிடுவதற்கு. நம் சரக்குக்கு ஜாமீன் நிற்பதற்கு அல்ல. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றக் கூண்டில்கூட, கடவுள் பெயரைச் சொல்லாமல் உளமார உறுதி கூறிச் சாட்சி சொல்லலாம். மஞ்சள் பேரத்துக்கு ஆத்தா எதற்கு?

சாமி பெயரையே வாயில் எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. மூட்டையை இறக்கி நிமிரும்போது "முருகா" என்பதும், கெட்ட சேதி கேட்டதும் "சிவசிவா" என்பதும் கூப்பிடுவதுதான். அதை விட வேண்டாம். நம் கொடுமுடியில்தான் சுந்தரர், உன்னை நான் மறந்தாலும் என் நாக்கு நமச்சிவாய என்று சொல்லும் எனப் பாடினார். நாக்கு அந்த அளவுக்குப் பழகக்கூடியது. விலை பேசவும் அதே பெயரைப் பழக்கினால், சன்னதியில் நின்று கூப்பிடும்போது அதில் கனம் இருக்காது.

வாயை மட்டும் கட்டினால் இது நிற்காது. "சாமி சத்தியமா" போய் "எம் புள்ள மேல சத்தியமா" வந்துவிடும். அது இன்னும் மோசம். சத்தியம் வருகிற இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற சாட்சியை வையுங்கள். மஞ்சள் போதுமான அளவு காய்ந்திருக்கிறதா என்று கேட்டால், ஒரு விரலி மஞ்சளை அவர் கண் முன்னாலேயே ஒடியுங்கள். வேகவைத்து 10, 15 நாள் வெயிலில் நன்றாகக் காய்ந்தது உலோகச் சத்தத்தோடு டக்கென்று ஒடியும். ஈரம் நின்றிருந்தால் வளைந்து கொடுக்கும், சத்தம் மந்தமாக வரும். மேல்வாயில் மட்டும் எடுக்காமல் மூட்டையின் நடுவிலிருந்தும் எடுங்கள். சந்தேகமே அங்கேதான் இருக்கிறது. எடை என்றால், காலித் தராசு பூஜ்ஜியம் காட்டுவதை முதலில் காட்டி, சாக்கு எடையைத் தனியாக எழுதிக் கழியுங்கள். விலை என்றால் கொள்முதல் சீட்டு. காட்ட விருப்பமில்லையா, "இதுக்குக் கீழ கட்டாதுங்க" என்று சொல்லி நிறுத்துங்கள். அதற்குமேல் ஒரு சொல் வேண்டாம். சிரமம் அந்த நிறுத்தத்தில்தான்.

போனில் சத்தியம் இன்னும் அதிகமாக வரும், எதிரில் இருப்பவருக்குச் சரக்கு தெரியாதே. ஒடித்த விரலியின் படத்தையும் எடைச் சீட்டையும் அனுப்பிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

இன்னொன்று. சுமை தூக்குகிறவர்களில் பழனிச்சாமியும் வேலுச்சாமியும் மாரியப்பனும் இருப்பார்கள். கோபத்தில் அந்தப் பெயரோடு கெட்ட வார்த்தையை ஒட்டாதீர்கள். ஆளுக்கும் அவமானம், பெயருக்கும் அவமானம். கோபம் வந்தால் "ஏப்பா" போதும்.

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடக்கிறவர்களைக் கவனியுங்கள். விரத நாளில் ஒருவரை ஒருவர் "சாமி" என்றே கூப்பிடுகிறார்கள், நாக்கு அடங்கியிருக்கிறது. மாலையைக் கழற்றி வேலைக்குத் திரும்பியதும் பழைய பேச்சு திரும்பிவிடுகிறது, ஏனென்றால் பேரம் பேசும் முறை மாறவில்லை. நீங்கள் விரதம் இருக்கும்போதே விரலி ஒடிப்பதையும் சீட்டு காட்டுவதையும் வழக்கமாக்கிவிடுங்கள். சத்தியம் வாயில் வந்தால் குறித்து வைத்து, வாங்க வந்தவர் போன பிறகு சொல்லும்படி கணக்குப்பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்.

அப்படியும் தவறி வந்துவிட்டால் சிரித்து மழுப்பாதீர்கள். சத்தியம் வைத்துச் சொன்ன விலைக்குக் கீழே ஒரு ரூபாய்கூட இறங்காதீர்கள், அன்றைய வியாபாரம் போனாலும் போகட்டும்.

இப்படிக்கு,
மாமா