அம்புக்குறிகளைக் குறைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

புற்றுநோய்த் தடுப்பில் ஏற்கெனவே கண்டறிந்தவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரும் எங்கள் கூட்டாய்வின் முதல் கட்டம் நிறைவடைந்துவிட்டது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்ல நான்கே வரிதான் ஒதுக்கினார்கள். அது போதவில்லை என்பதால் இந்த மடல்.

கருப்பை வாய்ப் புற்றுத் திசுவில் அந்தப் புற்றுக்குக் காரணமான ஹெச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) 16-ஆம் வகை இருப்பதை ஜெர்மானிய வைரஸ் ஆய்வாளர் ஹரால்டு சுர் ஹவுசனின் குழு 1983-இல் கண்டது. ஹெச்பிவிக்கான தடுப்பூசி 2006-இல் வந்தது. ஹவுசனுக்கு நோபல் பரிசு 2008-இல். 2030-க்குள் எட்டவேண்டிய இலக்குகளை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது: 15 வயதுக்குள் சிறுமிகளில் 90 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி, பெண்களில் 70 விழுக்காட்டினருக்கு 35 வயதுக்குள் ஒருமுறை, 45-க்குள் மறுமுறை பரிசோதனை, பாதிப்பு தெரிந்தவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. மேடைகளில் முதல் இரண்டுக்குத்தான் கைதட்டல். எங்கள் ஆய்வு மூன்றாவதைப் பற்றியது. பரிசோதனையில் பாதிப்பு தெரிந்த பெண் சிகிச்சைக்கு வந்து சேர்கிறாரா, இல்லையென்றால் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்?

விடை செவிலியர்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் கூட்டத்தில் ஒரு மூத்த செவிலியர் எங்கள் திட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு அம்புக்குறி போட்டிருக்கீங்களே, ஒவ்வொரு அம்புக்கும் அந்தப் பொண்ணு ஒருநாள் கூலியை விட்டுட்டு வரணும்” என்றார். அன்றே பாதி அம்புகள் அழிந்தன. முடிவு சொல்ல ஒருநாள், சிகிச்சைக்கு இன்னொருநாள் என்றிருந்ததை, முடிந்தவரை ஒரே வருகையில் முடியும்படி மாற்றினோம். புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலையிலுள்ள திசுவை வெப்பத்தால் நீக்கும் கருவி கையடக்கமானது. அறுவை அரங்கு வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியரே கையாளலாம். இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்தாதவர்களை அடையாளம் கண்டு, பயமுறுத்தாமல் பேசி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்தார்களா என்று தொலைபேசியில் கேட்டதும் செவிலியர்களே. அந்த அழைப்புகளுக்கெல்லாம் எங்கள் செலவுக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

பதிவு மேசை ஊழியர்களுக்கு அடுத்த நன்றி. ஹெச்பிவி பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்கள் தாமே எடுத்துத் தரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். ஆனால் காத்திருப்போர் நிறைந்த கூடத்தில் எதற்கு வந்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தால் யார் கை நீட்டி வாங்குவார்கள்? மாதிரி எடுக்கும் பொருள்களை, மற்ற எல்லாப் பரிசோதனைக்கும் கொடுக்கும் அதே உறையில் போட்டுக் கொடுக்கலாம் என்றார் ஓர் எழுத்தர். நிபுணர் குழு பல மாதம் பேசியும் யாருக்கும் தோன்றாத யோசனை அது.

புதிய முறை ஆய்வில் சேர்ந்த எல்லாச் சுகாதார நிலையங்களுக்கும் உண்டு, யாருக்கு முன்னால் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும் என்று ஏற்பாடு. குலுக்கலில் கடைசியாக வந்த நிலையங்கள் தங்கள் முறை வரும்வரை பழைய முறையிலேயே பணியாற்றி, ஒவ்வொரு பதிவையும் ஒழுங்காக எழுதி வைத்தன. அந்தப் பதிவுகள் இல்லாமல் எதையும் எதனோடும் ஒப்பிட்டிருக்க முடியாது. புள்ளியியலாளர் இதைப் பலமுறை சொல்லிவிட்டார். இப்போது எல்லோர் முன்னிலையிலும் நான் சொல்கிறேன்.

பரிசோதனை வேண்டாம் என்று மறுத்தவர்களுக்கும் நன்றி. மறுத்ததோடு நில்லாமல் உட்கார்ந்து காரணம் சொன்னார்கள். “நோய் இருக்குன்னு சொல்லிட்டு அப்புறம் யாரும் பார்க்க மாட்டீங்க” என்று ஒருவர் சொன்னதுதான் எங்கள் பயிற்சிக் கையேட்டின் முதல் பாடமாயிற்று.

நிதி வழங்கியவர்களுக்கும் நன்றி. காலாண்டு அறிக்கை கேட்டு வந்த நினைவூட்டல் மின்னஞ்சல்களுக்கு மட்டும் நன்றி சொல்ல மனம் வரவில்லை.

ஆய்வுக் குழு வெளியேறிய பிறகும் இந்தப் புதிய முறை நிலைக்கிறதா என்பதை இரண்டாம் கட்டத்தில் பார்ப்போம். அதற்கான படிவத்தை இம்முறை செவிலியர்களும் பதிவு மேசை ஊழியர்களுமே தயாரிக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது என்று இப்போதே கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அன்புடன்,
கூட்டாய்வு ஒருங்கிணைப்பாளர்