உன் அப்பாவின் வயது 47

மதுரை

அன்புள்ள செந்திலுக்கு,

நீயும் மருமகளும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, அங்கே அமெரிக்காவில், ஃப்ரீமாண்ட் நகரில் புதிய மருத்துவரிடம் போனதாகவும், குடும்பத்தில் யாருக்கேனும் இதயநோய் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்ததாகவும், எடை அளவோடு இருப்பதால் கவலை வேண்டாம் என்று அவர் சொன்னதாகவும் கூறினாய். அன்றிலிருந்து எனக்குச் சரியான உறக்கமில்லை. நீ எழுதியது தவறு; அந்தத் தவறு உன்னுடையதன்று, என்னுடையது.

உன் அப்பா வாயு அடைத்து இறக்கவில்லை. பாட்டி அப்படிச் சொன்னார், ஊரும் அப்படியே சொன்னது, நான் திருத்தாமல் இருந்துவிட்டேன். 1998-இல் அந்த இரவு அவருக்கு வந்தது மாரடைப்பு. மேல்வயிறு எரிகிறது, இடது தோள் கனக்கிறது என்றார். சட்டை நனைய வியர்த்தது. அரசு மருத்துவமனையில் பதினாறு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்திருந்த நான், ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். பீடி சிகரெட்டைத் தொடாத, ஒல்லியான, 47 வயது மனிதருக்கு மாரடைப்பா என்று என் மனம் ஒப்பவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஆட்டோ பிடித்தோம். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு மணி நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் இத்தனை காலம் வாய் திறக்கவில்லை.

தந்தைக்கு 55 வயதுக்கு முன் இதயநோய் வந்திருந்தால் அதைப் பிள்ளையின் ஆபத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது உங்கள் ஊர் மருத்துவர்களே பின்பற்றும் விதி. கொலஸ்ட்ரால் சிகிச்சைக்காக 2018-இல் அமெரிக்காவில் வெளியான வழிகாட்டி, தெற்காசிய வம்சாவளியையும் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. உன் மருத்துவர் இரண்டையும் பார்த்தாரா என்று தெரியவில்லை. முதலாவதைப் பார்க்க நாம் அவருக்கு வழியே வைக்கவில்லை.

உயரத்துக்கும் எடைக்குமான குறியீடு 24 என்று பெருமையாகச் சொன்னாய். பொதுவான கணக்கில் 25 வரை சரிதான். ஆனால் ஆசியருக்கு 23-இலேயே கவனம் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இலேயே சொல்லிவிட்டது. கை கால் மெலிந்திருக்க, கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேர்வது நம் உடல்வாகு. சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் சிகாகோவிலும் வாழும் தெற்காசியரிடம் 2010-இல் தொடங்கிய ஆய்வும் இதையே காட்டியது. அதன் பெயர் ‘மசாலா’, சிரிக்காதே. தொப்புளுக்கு நேராக நாடாவைச் சுற்றி இடுப்பை அளந்து பார். 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் தராசு சொல்வதை நம்பாதே.

அமெரிக்கா போனதால்தான் எல்லாம் வருகிறது என்று உன் மாமா சொல்வதை நான் முழுதாக ஏற்பதில்லை. ஜப்பானியர் கதை அப்படித்தான்: ஜப்பானில் இருந்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு, ஹவாய்க்குப் போனவர்களுக்குக் கூடுதல், கலிபோர்னியாவில் இன்னும் கூடுதல். அவர்கள் பாதுகாப்பை ஊரில் விட்டுச் சென்றவர்கள். நாமோ ஆபத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறோம். 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாட்டவர்க்கு ஏறத்தாழ 59 என்றும் தெரிந்தது. அந்தத் தெற்காசியர் தம் சொந்த நாடுகளில் இருந்தவர்களே. அதன்மேல்தான் உன் கார் வாழ்க்கையும், நள்ளிரவில் பெங்களூர் அலுவலகத்தோடு பேசும் பேச்சும், பத்து மணி நேர நாற்காலியும் ஏறுகின்றன. ஆகவே, ‘வீட்டுச் சாப்பாடுதானே அம்மா’ என்ற சமாதானம் என்னிடம் செல்லாது. தட்டு நிறையச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டில் சமைத்தாலும் அவைதாம்.

இந்த வாரமே மருத்துவரை அழைத்துப் படிவத்தைத் திருத்தச் சொல். இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகளான லிப்போபுரோட்டீன் (ஏ)-வை அளக்கும் பரிசோதனையைக் கேள். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, வழக்கமான கொலஸ்ட்ரால் சோதனையில் தெரியாது, பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே போதும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பார்க்கச் சொல். எப்போதாவது நெஞ்சு இறுகினாலோ, காரணமின்றி வியர்த்தாலோ, நீயே காரை ஓட்டிக்கொண்டு போகாமல் 911 அவசர உதவி எண்ணை அழை. இதை மருமகளிடமும் சொல்லி வை. ஓமத் தண்ணீர் வேண்டாம்.

அப்பாவின் இ.சி.ஜி. தாள் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. கோடுகள் ஏறக்குறைய மங்கிவிட்டன. மேலே பேனாவால் எழுதிய பெயரும் வயதும் தெளிவாக இருக்கின்றன. படம் எடுத்து அனுப்புகிறேன், மருத்துவரிடம் காட்டு.

உன் அம்மா