பாலத்தில் நின்றவளிடம் ஏன் கேட்கவில்லை? ஆட்டக் குழு அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கும், ஆட்டத்தின் கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

ஆறு ஆண்டுகளாக நம் குழுவின் ஞாயிறு மேசைகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டத்தை ஆடிவரும் நான், எந்தக் கேரக்டரும் (ஆட்டக்காரர் ஏற்ற பாத்திரமும்) இறக்கக் கூடாது என்று இவ்வாண்டு நீங்கள் கொண்டுவந்த விதியைத் திரும்பப் பெறுமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன். புதியவர்கள் மனமுடைந்து விலகிவிடக் கூடாது என்ற உங்கள் அக்கறையை மதித்ததால், அறிவிப்பு வந்த அன்று நான் எதிர்த்துப் பேசவில்லை. மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் மேசையில் நடந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீங்கள் கேள்விப்பட்டதற்கும் நாங்கள் பார்த்ததற்கும் இடையே தூரம் இருக்கிறது. எங்களில் மிக இளையவளான பள்ளி மாணவி, நான்காம் லெவல் (படிநிலை) கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பூசாரி ஒருத்தியை ஏழு மாதங்களாக ஆடிவந்தாள். ஓநாய்கள் மேல் ஏறி வந்த கோப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்கள் துரத்த, ஊர் மக்கள் மரப்பாலத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவளுடைய கிளெரிக்குக்கு எஞ்சியிருந்தவை இரண்டே ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளிகள். ஓடிவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். கடைசிக் குழந்தை அக்கரை சேரும் வரை நகர மாட்டேன் என்று சொல்லி, பாலத்தின் வாயிலில் நின்றாள். விழுந்தாள். விழுந்தவர் பிழைப்பாரா என்பதைத் தீர்மானிக்கும் டெத் சேவ் பகடைகளை மறைவின்றி எங்கள் முன்னால் உருட்டினாள்: 7, 12, 4, 9. பத்துக்குக் குறைந்தால் தோல்வி, மூன்று தோல்வி என்றால் மரணம் என்பது அந்த மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. ஆறு ஆண்டுகளில் நான் கண்ட மிகச் சிறந்த தருணம் அது.

அப்போது எங்கள் டஞ்சன் மாஸ்டர், உங்கள் விதியை மீற முடியாமல், வானிலிருந்து ஓர் ஒளி இறங்கி அவளை எழுப்பியதாக அறிவித்தார். அந்தப் பெண் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தோம். சாகவே முடியாது என்றால் நான் அங்கே நின்றதற்கு என்ன பொருள் என்று மட்டும் கேட்டாள். அதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. தன் பாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட்டை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனவள் இதுவரை வரவில்லை. புதியவர்களைக் காக்க வந்த விதி முதலில் இழந்தது ஒரு புதியவளைத்தான் என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

விதிநூலே இதைவிடப் பரிவோடு இருக்கிறது. இறந்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு 500 பொற்காசு பெறுமானமுள்ள வைரம் வேண்டும். இறந்து பத்து நாள் கடந்திருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த உயிர் திரும்பிவர இசைய வேண்டும். மந்திரம்கூட இறந்தவரின் சம்மதத்தைக் கேட்கிறது, நாம் கேட்கவில்லை. அவள் இசைந்திருந்தால், உடலைச் சுமந்துகொண்டு, நாள்களை எண்ணியபடி, வைரம் தேடி ஏதோ ஒரு கோயிலுக்கு நாங்கள் நடந்திருப்போம். அவளுக்காக நாங்கள் வீரம் காட்ட வேண்டிய முறை அது. அவள் மறுத்திருந்தால், ஆற்றங்கரையில் நடுகல் நட்டுவிட்டு, வேறொரு கேரக்டரோடு அவளை வரவேற்றிருப்போம். இரண்டையும் அந்த ஒளி பறித்துவிட்டது.

1984-இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் என்ற, இந்த ஆட்டத்துக்காக அச்சில் வெளிவந்த சாகசக் கதைகளைச் சிலர் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். முக்கியப் பாத்திரங்கள் இறந்தால் பின்னர் திரும்பிவர வழிவைக்குமாறு அவை டஞ்சன் மாஸ்டருக்கு அறிவுறுத்தியது உண்மைதான். ஆனால் அங்கே நாயகர்களும் கதையும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. நம் மேசைக் கதை அப்படி எழுதப்பட்டதல்ல. எங்கள் முடிவுகளால் எழுதப்படுவது. இந்த ஆட்டத்தை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட முதல் விதிநூல்களில் போர்வீரருக்கு ‘ஹீரோ’ என்ற பட்டம் நான்காம் லெவலில்தான் கிடைத்தது. ஒரே அடியில் சாகக்கூடிய ஆளாக முதல் லெவலில் தொடங்கி, பிழைத்து, அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. அன்று ஆட்டம் முடிந்ததும் அனுபவப் புள்ளிகள் பகிரப்பட்டபோது, கொல்லப்பட்ட ஒவ்வொரு கோப்ளினுக்கும் கணக்கு இருந்தது. அக்கரை சேர்ந்த ஊர் மக்களுக்குக் கணக்கே இல்லை. சண்டையில்லாத சவால்களுக்கும் புள்ளி தர விதிநூல் இடமளிக்கிறது. கொன்றதற்கு மட்டும் கூலி கொடுத்துவிட்டு, நம் ஆட்டக்காரர்கள் கொள்ளைக்காரர்களைப் போல ஆடுகிறார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வருந்துகிறோம். ஆபத்தையும் எடுத்துவிட்டு, காப்பாற்றியதையும் கணக்கில் சேர்க்காவிட்டால், வீரத்துக்கு இந்த மேசையில் எங்கே இடம் இருக்கிறது?

மரணத்தைக் கட்டாயமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. இறப்பு வேண்டாம் என்போர் ஆட்டத் தொடக்கத்திலேயே அதைச் சொல்லட்டும், அதை மதிப்போம். ஆனால் எல்லா மேசைகளுக்கும் பொதுவான அந்த விதியைத் திரும்பப் பெறுங்கள். மூன்றாவது தோல்வி விழுந்த பிறகு, தன் கேரக்டரின் முடிவைச் சொல்லும் உரிமையை ஆட்டக்காரரிடமே விடுங்கள். டெத் சேவ் பகடைகள் எல்லா மேசைகளிலும் வெளிப்படையாகவே உருளட்டும்.

அந்தக் கிளெரிக்கின் ஷீட் இன்னும் குழு அறையின் அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஞாயிறுக்குள் உங்களில் ஒருவர் அந்தப் பெண்ணின் வீட்டாரிடம் பேசி, அன்று கேட்கத் தவறியதை அவளிடம் இப்போதாவது கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவள் எந்த முடிவைச் சொன்னாலும் அதை அவளே தன் கையால் அந்த ஷீட்டில் எழுதட்டும்.

இப்படிக்கு,
அன்று அவளுக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்த ஆட்டக்காரர்