கண்ணாடிக்குக் காவல் இருந்தவருக்கு

அன்புடையீர், வணக்கம்.

சனிக்கிழமை இரவு ஏற்காட்டில், அறிவியல் கண்காட்சிக்கு வந்த பிள்ளைகளோடு நாங்கள் பெருமழையில் மாட்டிக்கொண்டதை உங்களில் பாதிப்பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப்பேர் மறுநாளே கேள்விப்பட்டீர்கள். ஆகவே அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஐப்பசி மாதத்தில் வெயிலை நம்பி மலைமேல் அறிவியல் கண்காட்சி வைக்கலாம் என்று சொன்ன அறிவாளி யார் என்று கேட்பவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன்: நான்தான். பிள்ளைகள் அனைவரும் நலமாக வீடு சேர்ந்துவிட்டார்கள். அந்த நிம்மதியின் சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மழையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டு முறை ஏறி இறங்கிய வேன் ஓட்டுநருக்கும், கேட்டவுடன் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியைக்கும், கணக்கே பார்க்காமல் தேநீரும் பன்னும் கொடுத்தனுப்பிய கடைக்காரருக்கும், சாலையில் சாய்ந்து கிடந்த சில்வர் ஓக் மரத்தை வெட்டி வழி ஏற்படுத்திய இளைஞர்களுக்கும், சேலத்திலிருந்து விடிய விடியத் தொலைபேசியில் பெற்றோருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்த நண்பர்களுக்கும் என் நன்றி. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நேரில் வந்து சொல்வேன்.

ஆனால் இந்த மடல் முதன்மையாக ஒருவருக்கு உரியது. அவர் பள்ளிக்கு மேலே உள்ள காப்பித் தோட்டத்தின் இரவுக் காவலாளி.

சனிக்கிழமை பிற்பகல் நான் பிள்ளைகளுக்கு, விண்வெளியில் நின்று சூரிய ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் பணிக்குப் போகிற வழியில் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். 1993 பிப்ரவரியில் ரஷ்யர்கள் மிர் விண்வெளி நிலையத்திலிருந்து பிரிந்த சரக்குக் கலம் ஒன்றின் முனையில் 20 மீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணாடித் தாளை விரித்ததையும், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் அகலமான ஒளிவட்டம் ஒன்று இரவில் ஐரோப்பாவின் மீது ஓடிக் கடந்ததையும், 1999-இல் அடுத்த தாள் விரியும்போதே ஆன்டெனாவில் சிக்கிக் கிழிந்ததையும் சொன்னேன். செவ்வாய்க் கோளைச் சூடாக்க அமெரிக்க ஆய்வாளர்கள் ஜூப்ரினும் மெக்கேயும் 1993-இல் முன்வைத்த கண்ணாடியின் ஆரம் 125 கிலோமீட்டர். சேலத்தை நடுவில் வைத்து அதை விரித்தால் திருச்சியும் திருவண்ணாமலையும் அதன் நிழலுக்குள் வந்துவிடும். அவ்வளவு பெரிய தாளின் தடிமனோ, தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. செவ்வாய்க்குப் பின்னால் சுமார் 2,14,000 கிலோமீட்டர் தொலைவில், கோளின் ஈர்ப்பு உள்ளே இழுக்க, சூரிய ஒளியின் அழுத்தம் வெளியே தள்ள, சுற்றாமல் ஒரே இடத்தில் நின்று, தென்துருவத்தின் வெப்பநிலையை 5 பாகை உயர்த்தி, அங்கே உறைந்து கிடக்கும் கரியமில வாயுவை ஆவியாக்குவதுதான் அதன் வேலை. இதைக் காட்டத்தான் செம்மண் பூசிய பானை ஒன்றைக் கவிழ்த்து, அதன் தலையில் பனிக்கட்டி வைத்து, அலுமினியம் பூசிய தாளை மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டி ஒரு கண்ணாடியும் செய்திருந்தோம்.

அன்று வெயில் வரவில்லை. வந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளை உள்ளே சேர்க்கும் அவசரத்தில் அந்தக் கண்ணாடி திடலிலேயே கிடந்தது. எனக்கு அதன் நினைவே இல்லை.

விடியற்காலையில் தோட்டத்துக் கிடங்கில் விளக்கெரிவதைப் பார்த்து ஏறிப் போனேன். சாக்குகளை விரித்து, அதன்மேல் கண்ணாடியைக் கிடத்தி, தன் மஃப்ளரால் ஒவ்வொரு துளியாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார் பெரியவர். உதவலாம் என்று நான் கைக்குட்டையை எடுத்துத் தேய்க்கப் போனபோது, "தேய்க்காதீங்க வாத்தியாரே, பூச்சு போயிரும். நனைஞ்ச நோட்டை ஒத்துற மாதிரி ஒத்துங்க" என்றார். ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்த இடத்தைக் காப்பிச் சாக்கு தைக்கும் ஊசியால் தொடாமல், பின்பக்கம் செலோடேப் ஒட்டி நேர்ப்படுத்தியிருந்தார். இரவு முழுவதும் அவர் உறங்கவில்லை. அது என் பொருள் என்பதால் அல்ல. மழையில் கிடந்த ஒன்றைப் பார்த்துவிட்டால் பிறகு அது தன் பொறுப்பு என்றுதான் அவர் எண்ணுகிறார்.

அப்போதுதான் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். செவ்வாய்க்கு அந்தப் பக்கம் நிற்கும் கண்ணாடிக்குக் காவல் யார்? எந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எளிதாகச் சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. கிடங்கு வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைக் காட்டினார். பல ஆண்டுகளாக மணிக்கு ஒரு தரம் இதில் அடிப்பாராம்; எதிர்ச்சரிவுத் தோட்டத்துக் காவலாளியும் தன் துண்டில் அடித்துப் பதில் சொல்வாராம். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவுதான். இப்போது அங்கே கேமரா வைத்துவிட்டார்கள். இவர் இன்னும் அடிக்கிறார்.

செவ்வாயிலிருந்து ஒரு சொல் பூமிக்கு வந்து சேர 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். பதில் கிடைக்க அதைப்போல் இருமடங்கு. பணி ஓய்வு பெறும்வரை இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். அதன் மறுமுனையில் ஒரு மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் மூடுபனி விலகியது. அவர் வீட்டுக்குப் போகாமல் களத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும்; கண்ணாடியை அதில் பாதி திருப்பினால் போதும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, பானையின் மேல் விழுந்த ஒளியையே பார்த்துத் திருப்பினார். பனிக்கட்டி உருகிச் செம்மண்ணில் கோடு கோடாக இறங்கியபோது பிள்ளைகள் போட்ட கூச்சல் அண்ணா பூங்கா வரை கேட்டிருக்கும்.

அன்று அவர் கையில் ஒரு தொகையைக் கொடுக்கப் போய் அவமானப்பட்டுத் திரும்பினேன். அதனால் வேறொன்று முடிவு செய்திருக்கிறோம். எதிர்ச்சரிவுத் தோட்டத்தின் மேலாளரிடம் அனுமதி வாங்கியாயிற்று. செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் ஒரு தண்டவாளத் துண்டும் கிடைத்துவிட்டது. வரும் அமாவாசை இரவு நானும் நண்பர்கள் மூவரும் அந்தச் சரிவில் இருப்போம். அவர் ஒரு மணிக்கு அடிக்கட்டும். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து அதற்குள் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

நன்றியுடன்,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், சேலம்